குரல்கள் கூட்டத்தில் இருக்கின்றன

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. நல்ல பெரிய சிரிப்பு, நாற்காலியிலிருந்து ஆள் சரிந்து விழுகிற அளவுக்கு. ஆனால் அதை இப்போது தர முடியாது, ஏனென்றால் முதலில் நான்கு பேர் களைத்துப்போக வேண்டும், அவர்களுக்குப் பின்னால் ஐந்தாவதாக ஒருத்தி களைத்துப்போக வேண்டும், கார்த்திகை மழை பெய்து ஓய வேண்டும், பனங்கிழங்கு வர வேண்டும், ஒரு ஆள் நன்றாக ஏமாற வேண்டும். அதுவரை சிரிப்பை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிடுகிறேன். யாரும் சாவி கேட்கக் கூடாது.

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற சாலையில், கீழே டயர் கடையும் மேலே நாங்களும் இருக்கிற ஒரு கட்டடம். கப்பலில் வருகிற பெட்டிகளுக்குக் காகிதம் போட்டு, கஸ்டம்ஸில் காட்டி, வெளியே எடுத்துக் கொடுப்பது எங்கள் வேலை. போனில் உட்கார்ந்திருப்பது நான், பிரிஸ்கா. பிளஸ் டூ முடித்து, மேலே என்ன படிப்பதென்று தெரியாமல், இந்த நாற்காலிக்கு வந்தேன். எனக்குத் தெரிந்த ஒரே தொழில் மற்றவர்களைப் போலப் பேசுவது. ஒருவர் இரண்டு வார்த்தை பேசினால் போதும், மூன்றாவது வார்த்தையை நான் பேசிவிடுவேன், அவரே திரும்பிப் பார்ப்பார்.

மேனேஜர் ஆறுமுகநயினார் சார் பேசுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமி, "அதாவது" என்று ஆரம்பித்து, எங்கே போகிறோம் என்று மறந்து நின்றுவிடுவார். அந்தக் குரலில் ஒருநாள் இன்டர்காமில், "ம்க்கும், மீரான், அதாவது, நம்ம பெட்டி ஒண்ணு கடல்ல மிதந்து போகுதாம்" என்றேன், பாவம், மீரான் காக்கா செருப்புகூடப் போடாமல் துறைமுகம் வரை ஓடினார். காதர் மீரான் காயல்பட்டினத்துக்காரர். அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள், நாங்களும் அப்படியே கூப்பிடுவோம். கணக்குப் பார்க்கிற தெபோராள் அக்கா பெந்தெகொஸ்தே சபை. அவர் குரலில் டீக்கடைக்குப் போன் போட்டு, "ஸ்தோத்திரம் அண்ணாச்சி, எட்டு பஜ்ஜி, கணக்கு என் பேர்ல" என்று பலமுறை சாப்பிட்டிருக்கிறேன். இசக்கிப்பாண்டி அண்ணாச்சி கஸ்டம்ஸுக்கும் எங்களுக்கும் நடுவே பைக்கில் ஓடுகிறவர். கார்த்திகை பிறந்ததும் மாலை போட்டுக் கறுப்பு வேட்டிக்கு மாறிவிடுவார், அப்புறம் அவரை எல்லாரும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும், அவரும் தன்னைச் சாமி என்றுதான் சொல்லிக்கொள்வார்.

நவம்பரில் சென்னையிலிருந்து முதலாளி மெயில் அனுப்பினார்: இந்த ஆண்டு முடிவில் ஒவ்வொரு கிளையும் ஒரு விழா நடத்த வேண்டும், எந்த மதத்தாரும் எந்த உணவுப் பழக்கத்தாரும் ஒதுங்கி நிற்காத விழாவாக இருக்க வேண்டும், செலவு மிகக் குறைவாக இருக்க வேண்டும், போட்டோ அனுப்ப வேண்டும். ஏற்கெனவே அந்த வருஷம் எங்களைப் பிழிந்து எடுத்திருந்தது. கம்ப்யூட்டர் முறையைக் கஸ்டம்ஸ் மாற்றி, மாற்றியதைத் திரும்ப மாற்றி, கப்பல்கள் வேறு துறைமுகத்துக்குத் திரும்பி, போன வருஷம் மூன்று பேர் விட்டுப்போன வேலையை இந்த நான்கு பேர் தலையில் சுமந்து, கண்ணுக்குக் கீழே எல்லாருக்கும் கறுப்பு விழுந்திருந்தது. அந்தக் களைப்போடுதான் சாயங்காலம் பிளைவுட் தடுப்பு போட்ட மீட்டிங் அறைக்குள் போய் உட்கார்ந்தோம்.

"கேக்" என்றேன் நான்.

"முட்டை" என்றார் இசக்கிப்பாண்டி. "சாமிக்கு அந்த வாசமே ஆகாது."

"முட்டை இல்லாத கேக்கு."

"கேக்கு வெட்டுறது எங்க சபைல கிடையாதும்மா" என்றார் தெபோராள் அக்கா. "நட்சத்திரம் தொங்கவிட்டாலும் நான் லீவு போட்டுருவேன், சொல்லிட்டேன்."

"அப்போ பிரியாணி" என்றார் மீரான் காக்கா. "கறி நான் பாத்து வாங்கியாறேன்."

"சாமி எங்க உக்காரும்? வாசல்லயா?"

"சரி, காய் போட்டு."

"காய் போட்டா அது பிரியாணி இல்ல காக்கா, தக்காளிச் சோறு, நீங்கதானே சொல்வீங்க" என்றேன்.

"தூத்துக்குடியில இருந்துக்கிட்டு ஒரு மக்ரூன் வைக்கலாமே" என்றார் காக்கா.

"மக்ரூன் என்னத்துல செய்யுறான்? முட்டை வெள்ளைக் கருவுல" என்றார் சாமி.

"ம்க்கும். அதாவது" என்றார் ஆறுமுகநயினார் சார், "எனக்குச் சர்க்கரை" என்றார், அதோடு நின்றுவிட்டார்.

இப்படி அன்றைக்கும், மறுநாளும், அடுத்த வாரமும். கேக்கிலிருந்து கேசரிக்கு, கேசரியிலிருந்து சுண்டலுக்கு, சுண்டல் கோயில் பிரசாதம் மாதிரி இருக்கிறதென்று தெபோராள் அக்கா சொல்ல, சமோசாவுக்கு, சமோசாவைப் பொரித்த எண்ணெயில் முன்னால் என்ன பொரித்தார்களோ என்று சாமி சொல்ல, மறுபடி கேக்குக்கு. யாருக்கும் யார் மேலும் கோபமில்லை, கோபப்படத் தெம்பில்லை. ஒரு வியாழக்கிழமை, மழை பெய்துகொண்டிருந்தது, எல்லாரும் எழுந்து பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தோம், அறைக்குள் விவாதம் தொடர்ந்து நடந்துகொண்டிருந்தது.

கதவைத் திறந்து பார்த்தோம். நாற்காலிகள் காலி. மேசைக்கு மேலே, உட்கார்ந்திருக்கிற ஆளின் வாய் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில், நான்கு குரல்கள் சமோசாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தன. ஆறுமுகநயினார் சார் தன் குரலைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. மற்ற மூவருக்கும் அப்படியே. என் குரல் மட்டும் என்னோடு வெளியே வந்திருந்தது, நான்தான் அந்தக் கூட்டத்தில் பாதி நேரம் தூங்கிவிட்டேனே. சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது, விளக்கை அணைக்கப் போனவர் குரல்கள் இருப்பதால் அணைக்காமல் விட்டுவிட்டு, கதவைச் சாத்தினார். வீட்டுக்குப் போனோம்.

ஊர் இதற்கு ஒரு வாரத்தில் பழகிவிட்டது. டீக்கடை அண்ணாச்சி வழக்கம்போல மீட்டிங் அறைக்கும் நான்கு டீ கொண்டுவந்து வைப்பார், ஆறிய டம்ளர்களைச் சாயங்காலம் எடுத்துப்போவார். கீழே டயர் கடைக்காரர்கள் மேலேயிருந்து வருகிற விவாதத்தைக் கேட்டுக் கேட்டு இரண்டு கட்சியாகப் பிரிந்து, கேசரிக் கட்சி சமோசாக் கட்சி என்று அவர்களுக்குள் பேசாமல் இருந்தார்கள். சாரின் வீட்டுக்காரம்மா நாசரேத்திலிருந்து பஸ் ஏறி வந்து கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "வீட்ல ஆளு இருக்கு, சண்டை போடத்தான் ஆளில்ல" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அந்த மாதம் போட வேண்டிய சண்டை முழுவதையும் கதவு வழியாகப் போட்டு, உள்ளேயிருந்து "அதாவது, அதாவது" என்று பதில் வரவும் திருப்தியாக எழுந்துபோனார். தெபோராள் அக்காவின் சபையிலிருந்து ஜெபிக்க வந்தார்கள். அதே நேரத்தில் இசக்கிப்பாண்டியின் குருசாமி தன் ஆட்களோடு வந்துவிட்டார், ஏனென்றால் மாலை போட்ட சாமி சரணம் சொல்லாமல் இருக்கக் கூடாது. அவர்கள் வராந்தாவில் நின்று சரணம் சொல்லச் சொல்ல, உள்ளேயிருந்து அவர் குரல் திருப்பிச் சொன்னது, கறுப்பு வேட்டியில் அவர் வெளியே நின்று வாயை மட்டும் அசைத்தார், சபைக்காரர்கள் படியில் வரிசையாக உட்கார்ந்து தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். இசக்கிப்பாண்டிக்குப் பதிலாகப் பேச நான் கூடப் போனபோது, கஸ்டம்ஸில் ஒரு அதிகாரி மட்டும், "குரல் எங்கே?" என்று கேட்டார். "கூட்டத்தில இருக்கு சார்" என்றேன். "எங்க ஆபீஸிலயும் அப்படித்தான்" என்று கையெழுத்துப் போட்டார்.

போனில் யார் பேசுவது? நான்தான்.

முதல் சில நாள்கள் எனக்குத் திருவிழா. ஒளிந்து ஒளிந்து பேசிய குரல்களை இப்போது உத்தியோகமாகவே பேசலாம். சார் தன் வலது காதைத் தொட்டால் பெட்டிக்குச் சொந்தக்காரருக்குப் போன் போட வேண்டும். நான் செருமிக்கொண்டு, "அதாவது, உங்க பெட்டி நாளைக்கு வந்துரும்" என்பேன். வங்கியிலிருந்து கூப்பிட்டால் தெபோராள் அக்கா. லாரி டிரைவரோடு மல்லுக்கட்ட இசக்கிப்பாண்டி: "யோவ், சாமியே வெயில்ல நிக்குது, நீ ஏசியில படுத்திருக்கியா?" சாயங்காலம் மீரான் காக்காவின் சின்ன மகள் போன் போடுவாள், "வாப்பா, நேத்து பாதியில விட்டீங்கல்ல" என்பாள், நான் பாதிக் கதையைப் பிடித்து மீதியைச் சொல்வேன், காக்கா பக்கத்தில் நின்று, கதையில் புலி வந்தால் கையால் புலி காட்டுவார்.

இப்படிக் காலை வந்ததும் நான்கு பேராகி, மதியம் நான்கு பேராகச் சாப்பிட்டு, சாயங்காலம் நான்கு பேராகப் படி இறங்கி, ஒரே தொண்டைக்குள் நான்கு குடித்தனம் வைத்து, களைப்பு என்றால் என்னவென்று முதல்முறையாகத் தெரிந்துகொண்டேன். காலில் வரும் களைப்பைத் தூங்கிக் கழிக்கலாம். இது நாக்குக்கு அடியில் வந்து உட்கார்ந்துகொண்டது, தூங்கும்போதும் "அதாவது" என்றது.

டிசம்பர் நடுவில் ஒரு மதியம் இசக்கிப்பாண்டி துறைமுகத்திலிருந்து வரும் வழியில் ஒரு கட்டு பனங்கிழங்கு வாங்கிவந்தார். பசிக்கு வாங்கியது, விழாவுக்கு அல்ல. மஞ்சளும் உப்பும் போட்டு அவித்தது, சூடு ஆறவில்லை. மேசையில் பேப்பரை விரித்து வைத்தார். நால்வரும் ஆளுக்கொன்றை எடுத்துத் தோலை உரித்து, இரண்டாகப் பிளந்து, நடுவில் இருக்கிற குருத்தை எடுத்துவிட்டு, நாரை நாராக இழுத்து மெல்ல ஆரம்பித்தார்கள். பனங்கிழங்கு தின்கிறவன் பேச முடியாது, நார் அனுமதிக்காது. தெபோராள் அக்கா கையிலிருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், எதில் குற்றம் சொல்லலாம் என்று தேடுவது முகத்தில் தெரிந்தது, கிடைக்கவில்லை. காக்கா சாமியைப் பார்த்தார். சாமி காக்காவைப் பார்த்தார். சார் தன் மருந்து டப்பாவைத் தட்டிக் காட்டி, இதற்கு ஒன்றும் செய்யாது என்பதுபோல இன்னொன்று எடுத்தார். முட்டை இல்லை, கறி இல்லை, சர்க்கரை இல்லை, எந்தச் சாமிக்கும் படைக்கவில்லை, விலையும் அப்படி ஒன்றும் இல்லை. சார் காலண்டரில் ஆண்டின் கடைசித் தேதியைக் காட்டினார், பிறகு கிழங்கைக் காட்டினார். மூன்று தலைகள் ஆடின. ஒரு மாதமாகப் பேசித் தீராதது பேசாமல் தீர்ந்தது.

அன்று சாயங்காலத்திலிருந்து மீட்டிங் அறையில் சத்தம் குறைந்துவிட்டது. நான்கும் ஒன்றாகக் கத்தியது போய், ஒரு நேரத்தில் ஒரு குரல்தான் கேட்கும், சில நேரம் அதுவும் இருக்காது. முடிவு தெரிந்துவிட்டதால் களைத்துப் படுத்திருக்கும் என்று நினைத்தேன். அத்தோடு ஒரு புதுப் பழக்கமும் வந்தது: ஆளுக்கு ஒரு நேரமாக உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு, தன் குரலோடு உட்கார்ந்துவிட்டு வருவார்கள். காக்கா போன நேரத்தில் காக்காவின் குரல் ஏதோ முணுமுணுக்கும். தெபோராள் அக்கா போனால் அவர் குரல் மெதுவாகப் பாட்டுப் பாடும். வெளியே வரும்போது முகம் தெளிந்திருக்கும். பிரிந்தவர்கள் பார்த்துக்கொள்கிறார்களே, நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டு நான் அடுத்த போனை எடுப்பேன்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் வீட்டில் சாப்பிட உட்கார்ந்து, "ம்க்கும், அதாவது, இன்னும் கொஞ்சம் குழம்பு" என்றேன். அம்மா சட்டென்று எழுந்து நின்று சேலையை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"யாரட்டி வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துருக்க? உன் குரல்ல பேசு."

பேசினேன். "ஸ்தோத்திரம்மா, நான்தான்" என்று வந்தது. மறுபடி முயன்றேன். "என்ன புள்ள" என்றார் மீரான் காக்கா. தொண்டைக்குள் கையை விட்டுத் துழாவுகிற மாதிரி, ஒவ்வொரு குரலாக விலக்கி விலக்கித் தேடினேன், கடைசியில் என்னுடையது இருந்த இடத்தில் கொஞ்சம் குளிர்தான் இருந்தது. அம்மா என் தட்டில் குழம்பை ஊற்றிவிட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

என் அண்ணன் ராயன் கப்பலில் வேலை பார்க்கிறான். கரை தொடும்போதுதான் பேசுவான். கிறிஸ்துமஸ் அன்று கூப்பிட்டான். எடுத்ததும், "யோவ், எங்கய்யா இருக்க?" என்று இசக்கிப்பாண்டியாகக் கேட்டேன். சிரித்தான். "போதும்ட்டி, பிரிஸ்காகிட்ட குடு" என்றான். நான் தெபோராள் அக்காவாகி, சாராகி, மறுபடி காக்காவாகி, ஒவ்வொன்றிலும் நான்தான் நான்தான் என்றேன். அவன் சிரிப்பு நின்றது.

"நாலு மாசம் கழிச்சுப் பேசுறேன், விளையாடுற. வருஷக் கடைசி அன்னிக்குச் சாயங்காலம் ஆபீஸுக்குப் போடுறேன். உன் குரல்ல பேசுனா பேசு, இல்லன்னா வச்சிருவேன். அப்புறம் அந்தப் பக்கம் போனா சிக்னலே கிடையாது."

மறுநாள் அலுவலகத்தில் மீட்டிங் அறைக் கதவைத் தட்டினேன். காக்காவின் நாற்காலி காலியாக இருந்தது, உள்ளே காக்காவின் குரல் இருந்தது.

"என் குரல் அங்க வந்துச்சா?" என்று கேட்டேன், சாரின் குரலில்.

"இங்க இல்ல மகளே" என்றது காக்காவின் குரல், மிகவும் தயக்கமாக.

என் நாற்காலிக்குத் திரும்பி, மேசையில் தலையை வைத்துக்கொண்டேன். தெபோராள் அக்கா எழுந்து வந்து முதுகில் கை வைத்தார், வாயைத் திறந்தார். பக்கத்தில் நின்ற இசக்கிப்பாண்டி எதற்கோ அவர் காலை மிதித்தார். அக்கா வாயை மூடிக்கொண்டார். பழக்கத்தில் திறந்திருப்பார் என்று நினைத்தேன். போன் அடித்தது, எடுத்து, "அதாவது" என்றேன்.

கடைசி நாள் மதியத்துக்கு மேல் விழா நடந்தது. நட்சத்திரம் இல்லை, பலூன் இல்லை, மெழுகுவத்தி இல்லை. கூடத்தில் மேசைகளைச் சேர்த்துப் போட்டுப் பேப்பர் விரித்து, நடுவில் அவித்த கிழங்கு மலையாகக் குவிந்திருந்தது, ஆவி பறந்தது. டீக்கடை அண்ணாச்சி பால் இல்லாத டீயைத் தூக்கில் கொண்டுவந்து, கருப்பட்டியைத் தனியாக வைத்து, தானும் உட்கார்ந்துகொண்டார். கீழேயிருந்து டயர் கடை கேசரிக் கட்சியும் சமோசாக் கட்சியும் வந்து, இரண்டுமே தோற்றதால் சமாதானமாகி, ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். போட்டோ எடுத்தோம், முதலாளிக்குப் போயிற்று, அந்தப் போட்டோவில் எல்லார் கன்னமும் ஒரு பக்கம் புடைத்திருக்கும். நார்களை இழுக்கிற சத்தமும் மெல்லுகிற சத்தமும் மட்டும், தூரத்தில் ஒரு கப்பலின் ஊதல். அந்த வருஷத்தின் களைப்பெல்லாம் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஏதோ தின்பதுபோல இருந்தது.

போன் அடித்தது.

எனக்குத் தெரியும் யார் என்று. அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தேன்.

"ஹலோ" என்றான் ராயன். பின்னால் காற்று. "யாரு பேசுறது?"

வாயைத் திறந்தேன். தொண்டையில் நான்கு பேரும் முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்தார்கள், யாரையும் விடாமல் பல்லைக் கடித்தேன். அவன் வைக்கப் போகிறான். யாராவது உதவுங்கள் என்று மேசையைப் பார்த்தேன். நான்கு நாற்காலிகளில் நான்கு பேரும் இருந்தார்கள். சார், காக்கா, அக்கா, சாமி, கையில் பாதிக் கிழங்கோடு, மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் மீட்டிங் அறையின் கதவு ஆவென்று திறந்திருந்தது. உள்ளே டீ டம்ளர்கள் நான்கு, காலியாக. ஒரு முணுமுணுப்புகூட இல்லை.

நான்கு பேரும் வெளியே இருக்கிறார்கள், உள்ளே சத்தமே இல்லை. இரண்டு வாரமாக, உள்ளே குரல் கேட்ட நேரத்திலெல்லாம் இவர்களில் ஒருவர் வெளியே இருந்ததில்லை. காக்காவின் குரல் உள்ளே கேட்டபோது காக்காவின் நாற்காலி காலி. அக்காவின் பாட்டு உள்ளே கேட்டபோது அக்காவின் நாற்காலி காலி. ஆறிப்போய்த் திரும்பிக்கொண்டிருந்த டம்ளர்கள் என்றைக்கிலிருந்தோ காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தன, அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"எப்போலேர்ந்து?" என்றேன்.

அந்தக் குரல் கொஞ்சம் கீச்சென்று, கடைசியில் தகரம் கீறுகிற மாதிரி உடைந்து வந்தது. யாருடையது என்று ஒரு நொடி எனக்கே தெரியவில்லை.

"எது எப்போலேர்ந்து?" என்றான் ராயன். "அந்தா, என் தகர டப்பா வந்துட்டா. சொல்லுட்டி."

"ம்க்கும்" என்றார் ஆறுமுகநயினார் சார், கிழங்கை விழுங்கிக்கொண்டு. "அதாவது."

"கிழங்கு வந்த அன்னிக்கே" என்றார் இசக்கிப்பாண்டி.

"ரெண்டு நாள் வாய்க்கு லீவு விடுவோம்னுதான் இருந்தோம்" என்றார் மீரான் காக்கா. "நீ எல்லாத்தையும் பேசுன. சுகமா இருந்துச்சு மகளே. நான் செருப்பில்லாம ஓடுனதுக்கும் சேத்து."

"எட்டு பஜ்ஜி" என்றார் தெபோராள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

பெஞ்சில் யாருக்கோ புரையேறியது. சாரின் நாற்காலி பின்பக்கமாகச் சரிந்தது. போனைக் காதில் வைத்தபடியே நான் இழுப்பறையைத் திறந்தேன்.